மேட்டில் நட்ட கறுப்பு முளைகள்

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். படம் போடக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாம், நான் வந்து பார்க்க வேண்டுமாம். முப்பத்தாறு வருடம் அங்கே உட்கார்ந்து ஊர் விஸ்தரிப்புப் படங்கள் போட்டவன் என்ற மரியாதை. போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். போகாவிட்டால் கிழவனுக்குத் திமிர் என்பார்கள், போனால் ஏதாவது தெரியாமல் பேசி மாட்டிக்கொள்வேன். கடைசியில் போனேன்.

அங்கே ஒரு சின்னப் பெண் இன்ஜினியர். வீட்டில் தமிழ் பேசுகிறவள்தான், ஆனால் வாயைத் திறந்தால் பாதி கன்னடம். "இங்க நோடுங்க சார், ஒரே ஒரு கீ" என்று தட்டினாள். திரையில் இருந்த லேஅவுட் அப்படியே புரண்டு படுத்தது. இடப்பக்கம் இருந்த பார்க் வலப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் இருந்த வீடுகள் இடப்பக்கம் வந்தன.

"உங்க காலத்துல இத மாத்திப் போட எத்தன நாள் சார் ஆகும்?"

"ஒரு நிமிஷங்கூட ஆகாதும்மா" என்றேன்.

கிழவர் தமாஷ் பண்ணுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். புறப்படும்போது, "சார், உங்க சர்வீஸ் அனுபவத்த எழுதிக் கொடுங்க. எல்லாருக்கும் இடம் இருக்குற மாதிரி ஊரு பிளான் பண்றது எப்படின்னு இப்ப கிளாஸ் எடுக்கறாங்க. பெரியவங்க சொன்னா எங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றாள். எனக்கு எழுத வருவது தமிழ்தான். கன்னடத்தில் படத்துக்குப் பெயர் மட்டும் அழகாக எழுதுவேன். யாராவது படித்துச் சொல்லட்டும் என்று இதை எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். அப்பா போன பிறகு அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனாள். கீழே இரண்டு தங்கைகள். ஆஸ்பத்திரிக்கு வந்த ஓர் அதிகாரியின் காலில் அம்மா விழாத குறையாகக் கேட்டு, இந்த ஆபீசில் பிரிண்ட் கழுவும் வேலை எனக்குக் கிடைத்தது. நாடு குடியரசு ஆகியிருந்த புதிது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மூன்றாம் வருடம் படத்தைத் துணியில் நகல் எடுக்கிற டிரேசர் ஆக்கினார்கள். என் படிப்பு அவ்வளவுதான். அதனால் எனக்கு எப்போதும் ஒரு பயம். என்றைக்காவது யாராவது வந்து, "நீ எட்டாவதுதானே, எழுந்திரு அந்த ஸ்டூலை விட்டு" என்று சொல்லிவிடுவார்கள் என்று. டிராயர் பூட்டினேனா என்று ஆபீஸ் வாசல்வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுப் போனால் இழுத்துப் பார்த்தேனா என்று சந்தேகம் வரும்.

எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மன் வரதாச்சார். மேலுக்கோட்டைக் குடும்பம். மூடிய கோட்டும் சரிகை ஓரம் வைத்த தலைப்பாகையுமாக வருவார். வந்ததும் தலைப்பாகையைக் கழற்றி அதற்கென்று வைத்திருந்த ஆணியில் மாட்டுவார். கைகளை முழங்கைவரை கழுவி, துடைத்து, விரல்களை ஒவ்வொன்றாக வெயிலில் காட்டி ஈரம் போயிற்றா என்று பார்த்த பிறகுதான் துணியைத் தொடுவார். டிரேசிங் துணி கஞ்சி போட்ட மெல்லிய துணி, கண்ணாடி மாதிரி தெரியும். ஒரு சொட்டு வியர்வை பட்டால் போதும், அந்த இடம் வெளுத்துச் சுருங்கிவிடும். "வேலை பண்றச்சே பேசப்படாதுடா. எச்சில் தெறிச்சா ஒரு தெருவே போயிடும்" என்பார். சாக்பீஸ் பொடி தூவித் தேய்த்துவிட்டு மசியை இழுத்தால் அவர் கோடு தலைமயிர் மாதிரி ஓடும். நடுவில் எங்கே பேனாவை எடுத்து மறுபடி வைத்தார் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

அவர் யாரையும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை. தப்பு கண்டால் நாம் டீ குடிக்கப் போயிருக்கும்போது அந்த இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்திவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். கேட்டால், "ஊசி எங்க இருக்கோ அங்க பாரு" என்பார். சில நாள் அந்த ஒரு ஊசியை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இனி அந்த லேஅவுட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நஞ்சன்கூடு ரோட்டை ஒட்டி நீளவாக்கில் ஒரு நிலம். ஒரு முனை மேடு. ரோட்டுக்குச் சமமாக இருக்கும், நல்ல காற்று. மறுமுனை பள்ளம். அங்கே ரோட்டுக்கும் நிலத்துக்கும் நடுவே ஓடை. ஊர்ச் சாக்கடை முழுக்க அதில்தான் போகும். படத்தின்படி மேட்டில் பார்க், பெரிய பெரிய மனைகள், பள்ளிக்கூடம். நடுவில் சின்ன மனைகள். பள்ளத்தில், ஓடைக்கு அந்தப்புறம், பன்னிரண்டு சின்னக் கட்டங்கள். அது துப்புரவுத் தொழிலாளர் வீடுகள். அன்றைக்கு ஆபீசிலும் தெருவிலும் அவர்களைச் சொன்ன பெயரை எழுதக் கை கூசுகிறது. படத்தில் அந்தப் பெயர்தான் இருந்தது, நானே வளைத்து வளைத்து அழகாக எழுதியிருக்கிறேன்.

ஊர் பிறக்கும் முன்பே அதற்குக் கழுவிவிட ஆள் வேண்டும் அல்லவா. அதனால் அவர்கள் ஏற்கெனவே பள்ளத்தில் குடிசை போட்டு இருந்தார்கள். குடிசைக்குப் பதில் அங்கேயே ஓடு போட்ட வீடு. இதுதான் பெரிய சீர்திருத்தம் என்று பேசினார்கள்.

மேலதிகாரிகள் பார்வைக்கு வருவதற்குள் நிலத்தில் எல்லைக்கு முளை அடித்து வைக்க வேண்டும் என்று அவசரம். தெருப் பெயர், மனை எண் எதுவும் முடிவாகவில்லை. அதனால் எழுத்தே இல்லாமல் வெறும் கோடுகளை மட்டும் டிரேஸ் செய்து, மூன்று பிரிண்ட் எடுத்து முளை அடிக்கிறவர்களுக்குக் கொடுக்கும்படி வரதாச்சார் சொன்னார். ஓடையைக்கூடக் குறிக்கவில்லை. வடக்கு காட்டும் அம்புக்குறிகூட இல்லை. அதைக் கடைசியில் தம் கையால்தான் போடுவார், வேறு யாரையும் போட விடமாட்டார்.

பிரிண்ட் எடுப்பது இப்படி. கண்ணாடிச் சட்டத்தில் முதலில் துணியை வைக்க வேண்டும், மசிப்பக்கம் கண்ணாடியில் படும்படி. அதன்மேல் மருந்து பூசிய காகிதம், அதன்மேல் கம்பளி, பிறகு பலகை போட்டு இறுக்கி, முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலுக்குக் காட்ட வேண்டும். பிறகு தொட்டியில் கழுவினால் நீலத்தில் வெள்ளைக் கோடாக வரும். துணியைத் திருப்பி வைத்துவிட்டால் இடம் வலமாக, வலம் இடமாக விழும். சாதாரணமாக அந்தத் தப்பு நடக்காது. எழுத்தெல்லாம் முகக்கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரியும், குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்.

அன்று ஆனி மாதத்து மேகம். வெயில் வருவதும் போவதுமாக இருந்தது. வெயில் தப்பிவிடுமே, பிரிண்ட் வெளுத்துவிடுமே, வரதாச்சார் ஊசி குத்துவாரே என்று எனக்கு ஒரே பதற்றம். வானத்தைப் பத்துத் தடவை பார்த்தேன். துணியை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை சரிபார்க்கிற நான்.

மூன்று பிரிண்டும் பளிச்சென்று வந்தன. வரதாச்சார் தூக்கிப் பார்த்து, "கோடு நன்னா விழுந்திருக்கு" என்றார். பதினைந்து வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

முளை அடிக்கப் போனது பசவையா மேஸ்திரியும் சங்கிலி பிடிக்கிற இரண்டு பேரும். சர்வேயர் காய்ச்சலில் படுத்திருந்தார். பார்க்குக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய முளை, பெரிய மனைக்குச் சிவப்பு, தொழிலாளர் வீட்டுக்குத் தார் பூசிய கறுப்பு முளை. காகிதத்தில் எப்படி இருந்ததோ அப்படியே அடித்தார்கள். கறுப்பு முளைகள் மேட்டில் ரோட்டோரம் இறங்கின. சிவப்பு முளைகள் ஓடைக்கு அந்தப்புறம்.

பத்து நாள் கழித்து ஏதோ கணக்குத் தாள் கொடுக்க என்னை அங்கே அனுப்பினார்கள். போன இடத்தில் முளைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பசவையா பீடி பிடித்தபடி வந்தார். அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"என்னப்பா, அடிச்ச முளைய முறைக்கிற? கோணலா இருக்கா?"

"இல்ல மேஸ்திரி, இங்க... கறுப்பு..."

"நானும் மொதல்ல மலைச்சுப் போயிட்டேன். பேப்பரை நாலு தடவை பார்த்தேன். அப்புறம் நெனச்சேன், சுதந்திரம் வந்து இத்தனை வருஷமாச்சு, மீட்டிங்ல எல்லாம் சமம் சமம்னு கத்தறாங்க, ஒருநாளாவது செஞ்சு காட்ட மாட்டாங்களா, காட்டிட்டாங்க. பெரிய மனை வாங்கற ஜட்ஜு வீட்டை ஓடைக்கு அந்தாண்ட வெச்ச தைரியம் யாருக்குடா வரும்? உங்க ஹெட்டுக்கா?" என்று இருமி இருமிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே மேட்டில் ஆட்கள் இருந்தார்கள். பள்ளத்துக் குடிசைக்காரர்கள்தான். மேஸ்திரி அவரவர் இடத்தைக் காட்டியிருக்கிறார். ஒரு பெண் கறுப்பு முளைகளுக்கு நடுவே விளக்குமாறால் பெருக்கிக்கொண்டிருந்தாள். வீடே இல்லை, வாசல் பெருக்குகிறாள். சின்னத்தாயி என்று பெயர். கொள்ளேகால் பக்கத்துக்காரி. காகிதச் சுருளோடு நின்ற என்னைப் பார்த்து அவளே வந்தாள்.

"பேப்பர் போடறவருங்களா நீங்க? தமிழுங்களா? நல்லதாப் போச்சுங்க. இந்த முளைய இனி யாரும் மாத்த மாட்டாங்களே?"

நான் பதில் சொல்வதற்குள், "அதா பாருங்க எங்க வீட்டுக்காரர. காலைல இருந்து இதே சோலி" என்று கையைக் காட்டினாள்.

மாரப்பன் என்று அவள் புருஷன். மலக்குழிக்குள் இறங்கியபோது விஷக்காற்று அடித்து மயங்கி விழுந்தவர். பிழைத்தார், கண் போய்விட்டது. கையில் மூங்கில் குச்சியோடு, கறுப்பு முளையைத் தொட்டுவிட்டு ரோட்டுக்கு நடந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. ரோட்டில் நின்றார், திரும்பினார், மறுபடி முளைக்கு வந்து குச்சியால் தட்டிப் பார்த்தார்.

"நாப்பத்தாறு" என்றார் பொதுவாக எல்லாருக்கும் கேட்கும்படி. "மொத நாளு நாப்பத்தொம்பது வந்துச்சு. நேராப் போகலீங்க அன்னிக்கு."

விஷயம் இதுதான். மிஷன் ஆஸ்பத்திரியில் பிரம்பு நாற்காலி பின்ன ஆள் தேடினார்கள். மாரப்பனுக்குக் கை வேலை வரும். ஆனால் தானாக வந்து தானாகப் போக வேண்டும், கூட்டிவர ஆள் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சின்னத்தாயி விடியும் முன்பே வேலைக்குப் போகிறவள். ஓடையைத் தாண்ட இருந்ததோ ஒற்றைப் பலகை. கண் தெரிந்தவர்களே மழைக்காலத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தாண்டுவார்கள். அதனால் ஒரு வருடமாக அந்த மனிதர் குடிசை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மேட்டில் வீடு என்றால் ரோடு நாற்பத்தாறு காலடி. ரோட்டோரமாகவே போனால் ஆஸ்பத்திரி.

"ஓடு போடறதுக்குள்ள வழிய மனப்பாடம் பண்ணிட்டா, குடி வந்த அன்னிக்கே வேலைக்குப் போயிரலாமுங்க" என்றார் மாரப்பன். "இவ நம்ப மாட்டீங்கறா."

"நம்பறேன், நம்பறேன். ரோட்டுல லாரிக்காரன் நம்பணுமில்ல" என்றாள் அவள்.

கணக்குத் தாளை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும், தங்கைகளுக்குக் கல்யாணம் நடக்காது, அம்மா மறுபடி யார் காலில் விழுவாள் என்று இதே சுழல். மாரப்பனைப் பற்றி நினைத்தேனா என்றால், நினைத்தேன். ஆனால் என்னைப் பற்றி நினைத்து முடித்த பிறகு.

ஐந்தாம் நாள் டீ குடித்துவிட்டு வந்தபோது என் மேஜைமேல் அந்த நீலப் பிரிண்ட் விரித்திருந்தது. பன்னிரண்டு சின்னக் கட்டங்களின் நடுவே குண்டூசி.

ஊசியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. "தெரியும் சார்" என்றேன்.

"எத்தனை நாளா தெரியும்?"

"நாலு நாளா."

"நாலு நாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு விரல்களைத் துடைக்கப் போய்விட்டார்.

மறுநாள், அப்போது ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்த சின்ன இன்ஜினியரோடு நானும் வரதாச்சாரும் இடத்துக்குப் போனோம். அவர் பெங்களூர்க்காரர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. திட்டுவார் என்று நான் ஓரமாக ஒடுங்கி நின்றேன். அவர் பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கும் பள்ளத்துக்குமாக நடந்தார். ஷூவெல்லாம் சேறு. திரும்பி வந்தவர் முகத்தில் கோபம் இல்லை.

"மிஸ்டர் வரதாச்சார், இது நம்ம படத்தை விட நல்லா இருக்கே!" என்றார். "ஓடை நிறையும்போது பள்ளத்தில் யாருமே குடியிருக்கக் கூடாது. அங்கேதான் பார்க் வரணும். தண்ணி ஏறினால் புல்லுதானே நனையும்? விடியற்காலம் வேலைக்குப் போகிறவங்க ரோட்டோரம் இருக்கட்டும். பெரிய மனைக்காரங்களை நடுவில் வைத்துக்கொள்ளலாம், அவங்களுக்குக் கார் இருக்கிறது. கொஞ்சம் திருத்தினால் போதும். திங்கட்கிழமை கமிட்டி. ஆபீசின் இரண்டாவது யோசனை என்று இதையும் வைக்கிறேன். பேச எனக்குத் தெம்பு இருக்கிறது." பிறகு என்னைப் பார்த்தார். "இதைப் போட்டது நீதானே? ஏன் இப்படிப் போட்டாய்? ஏதாவது நினைத்துத்தானே போட்டாய்?"

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது தெரிகிறது. ஆமாம் சார், மேடு காலியாக இருக்கிறதே என்று நினைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பொய்தான். ஒரே ஒரு பொய்.

வரதாச்சார் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை மிரட்டவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை. இதை நான் கர்த்தருக்குப் பயந்து எழுதுகிறேன்.

"இல்ல சார். துணியத் திருப்பி வெச்சுட்டேன். தப்பு நடந்துபோச்சு. மன்னிச்சிருங்க" என்றேன்.

வார்த்தை நிற்கவில்லை. வெயில், மேகம், எட்டாவது, தங்கைகள் எல்லாவற்றையும் கொட்டினேன். அதோடு விட்டேனா? நாளைக்கு யாராவது கேட்டால் காகிதம் இருக்க வேண்டுமே என்று பயந்து, ஆபீசுக்கு வந்ததும் யாரும் கேட்காமலேயே விளக்கம் எழுதினேன். "எனது கவனக்குறைவால் நேர்ந்த பிழை" என்று, குமாஸ்தா ஒருவர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல, என் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வரதாச்சார் அதை வாங்கி ஃபைலில் நூல் கோத்துக் கட்டினார்.

சின்ன இன்ஜினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். இனி எதை நான் யோசனை என்று காட்டுவது?" என்றார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகக் கேட்டார். ஆனாலும் கமிட்டியில் எழுந்து பேசியிருக்கிறார். பாதியில் ஒரு மெம்பர் ஃபைலைப் புரட்டி என் விளக்கத்தைச் சத்தமாகப் படித்தாராம். "என்னய்யா, முகக்கண்ணாடியைப் பார்த்து ஊர் கட்டப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்த சிரிப்பில் விஷயம் முடிந்துவிட்டது. யோசனையாக வந்திருந்தால் மறுக்கக் காரணம் சொல்லியாக வேண்டும். பிழைக்குத் திருத்தம் போதும்.

முளைகளைப் பிடுங்க என்னையே அனுப்பினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. சங்கிலிக்கார நஞ்சுண்டனோடு காலையில் போனேன். பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ரோட்டுப் பக்கத்து முளைதான் முதலில். மழைக்குக் கெட்டியாக இறுகியிருந்தது. மண்டியிட்டு இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டிருந்தேன். குச்சிச் சத்தம் கேட்டது.

மாரப்பன் ரோட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். குனிந்து துழாவினார். முளைக்குப் பதில் என் கை மணிக்கட்டு அகப்பட்டது.

"யாருங்க?"

"நாந்தாங்க. ஆபீஸ்ல இருந்து. தாவீது."

"பேப்பர்காரருங்களா! நல்ல வேளைல வந்தீங்க. இந்த முளை நேத்துலருந்து கொஞ்சம் ஆடறாப்பல இருந்துச்சுங்க. ஆடு மாடு உரசுதோ என்னவோ. நல்லா ஆழமா அடிச்சு உடுங்க சாமி."

நஞ்சுண்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் முளையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவரும் என் கையை விடவில்லை.

"இடம் மாறுதுண்ணே" என்றேன்.

"எங்கிட்டுங்க?"

"கீழ. முன்ன இருந்த இடத்துக்கே."

அவர் குச்சியைப் பள்ளத்துப் பக்கம் நீட்டினார்.

"ஓடைக்கு அந்தாண்டையா?"

"ஆமாண்ணே."

"பலகை?"

"இருக்கும்."

"கைப்பிடி வைப்பாங்களா?"

"எழுதறேண்ணே" என்றேன். அது பொய்தான். அன்று சொன்ன ஒரே பொய், ஒன்றுக்கும் உதவாத பொய். நான் எதை எழுதுவது, யார் படிப்பது?

"ஏனுங்க மாத்திட்டாங்க?"

"மேல முடிவு பண்ணிட்டாங்க."

"ஓகோ" என்றார். என் மணிக்கட்டை விட்டார். வந்த வழியே திரும்பாமல், குச்சியைத் தட்டித் தட்டிப் பள்ளத்தைப் பார்க்க நடந்தார். அந்தப் பக்கம் அவர் எண்ணிப் பழகவில்லை. இரண்டு இடத்தில் தடுக்கினார். நஞ்சுண்டன் ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். நான் மீதி முளைகளைப் பிடுங்கினேன்.

வீடுகள் பள்ளத்தில் எழும்பின. ஆஸ்பத்திரியில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். மேட்டில் பார்க் வந்தது. சுற்றிக் கம்பிவேலி, வாயிலில் பூட்டு. திறக்கிற ஆள் வந்தால் திறக்கும். சின்ன இன்ஜினியர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒளிக்காமல் ஒப்புக்கொண்டவன் என்று நல்ல பெயர்தான் கிடைத்தது. "இவன் மறைக்க மாட்டான்" என்று வரதாச்சாரே எனக்கு அடுத்த உயர்வுக்குச் சிபாரிசு செய்தார். கடைசியில் அவர் நாற்காலிக்கே வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ லேஅவுட். ஒன்றிலாவது மேட்டில் கறுப்பு முளை அடித்தேனா? இல்லை. தொழிலாளர் வீடு என்றதும் என் கை தானாகவே பள்ளத்தைத் தேடிப் போகும். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பது வருடம் கழித்து அந்த ஓடைக்குச் சிமெண்டுப் பாலம் போட அளவு எடுக்கப் போனேன். அந்தப் பாலம் பிறகு வரவும் செய்தது, கைப்பிடியோடு. ஆனால் அதற்குள் மாரப்பனுக்கு நடக்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். என் குரலை உடனே கண்டுகொண்டார். சின்னத்தாயி டீ போட்டுக் கொடுத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு ரொம்ப நாளாங்க" என்றார். "மொதல்ல எங்களுக்கு மேட்டுல இடம் போட்டாரே, அந்தப் புண்ணியவான் இப்ப எங்க இருக்காரு?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இந்த லைன் வீட்டுல பொறந்த பசங்களுக்கெல்லாம் சொல்லிருக்கேனுங்க. அவ்வளவு பெரிய ஆபீசுல நம்மள ஒருத்தர் நெனச்சிருக்காருடா. காத்து வேணும், ரோடு வேணும், கண்ணில்லாதவன் ஒருத்தன் இருக்கான்னு கூட நெனச்சிருக்காரு. பெரிய மனுசங்க செய்ய உடல. அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு, பாவம்? அவரு நல்லா இருக்கோணும்."

"தெனமும் அந்தப் பாட்டுத்தானுங்க" என்றாள் சின்னத்தாயி. "கோயில்ல கூட அந்த ஆபீசர் பேருக்கு அர்ச்சனை பண்ணச் சொல்லுவாரு. பேரு தெரியாது, அதனால சாமி பேருக்கே பண்ணிருவோம்."

நான் பேசாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். மாற்றலாகிப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்பது வருடம் நெஞ்சில் கிடந்ததை இறக்கிவைக்க இடம் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. என்னை மட்டுமே நினைக்கிற புத்தி அன்றும் போகவில்லை.

"யாரும் இல்லண்ணே. அது நான். நெனச்சுப் போடல. துணியத் திருப்பி வெச்சுட்டேன், படம் இடம் வலமா விழுந்துருச்சு. கைத்தப்பு. அதுனாலதான் மேட்டுல வந்துச்சு."

அவருக்குப் புரியவில்லை. உள்ளங்கையை நீட்டச் சொல்லி, அதைத் திருப்பிப் போட்டு, இது இப்படி இருந்தது இப்படி விழுந்தது என்று காட்டினேன். அவர் கை என் கையில் கனமாக இருந்தது. புரிந்தபின் மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"அப்ப யாருமே நெனக்கலீங்களா?"

கேட்டுவிட்டுத் தரையில் துழாவினார்.

கயிற்றை எடுத்தார். இரண்டு முறுக்கு முறுக்கினார். நிறுத்தினார்.

"இத நீங்க சொல்லாம இருந்திருக்கலாமுங்க" என்றார்.

சின்னத்தாயி வந்து எனக்கு முன்னால் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதில் டீ பாதிக்கு மேல் இருந்தது.